கிணத்துத் தண்ணில ஈயம் பாக்க டிஃபரென்ஷியல் பல்ஸா, ஸ்கொயர் வேவா?

கொழிஞ்சாம்பாறை பக்கம் இருக்குற எங்க லேப்ல கிணத்துத் தண்ணி, போர் தண்ணில ஈயமும் காட்மியமும் பாக்குறதுக்கு நாலு வருஷமா டிஃபரென்ஷியல் பல்ஸ்தான் ஓட்டிட்டு இருந்தோம், போன வருஷம் ஸ்கொயர் வேவுக்கு மாறிட்டோம். ரெண்டுலயும் முதல்ல ஈயத்தை எலக்ட்ரோட் மேல படிய வெச்சு, அப்புறம் வோல்டேஜை ஏத்திக் கரைக்கிறப்ப வர்ற கரண்ட்டை அளப்போம்; அதுல எழும்புற கூர்முனைதான் பீக், அதோட உயரம் ஈயம் எவ்வளவுன்னு சொல்லும். வோல்டேஜை ஏத்துற விதம்தான் வேற. பொள்ளாச்சில இருந்து ரெண்டு மூணு பேர் "எதுக்கு மாத்துனீங்க, ரெண்டும் ஒண்ணுதானே"ன்னு கேட்டாங்க, அதனாலதான் எழுதறேன். நான் ஸ்கொயர் வேவ் பக்கம், அதை முதல்லயே சொல்லிடறேன்.

விலை, மெஷின் இதெல்லாம் பேசவே வேண்டாம். இப்ப வர்ற பெரும்பாலான பொட்டென்ஷியோஸ்டாட்ல (வோல்டேஜ் குடுத்து கரண்ட்டை அளக்குற மெஷின்) ரெண்டு முறையும் மெனுவுல இருக்கும். எலக்ட்ரோடும் அதே கிளாஸி கார்பன்தான், அதே அலுமினா பாலிஷ், ஈயம் படியறதுக்கு அதே பிஸ்மத் படலம், பி.எச் மாறாம பிடிச்சு வைக்க அதே பி.எச் 4.5 அசிடேட் பஃபர். காப்பர் நிறைய இருந்தா பிஸ்மத்தோட மல்லுக்கட்டும், அந்தத் தொல்லையும் ரெண்டுக்கும் பொதுதான். ரெண்டுக்கும் வேர் கூட ஒண்ணு, இங்கிலாந்துல ஹார்வெல்ல இருந்த பார்க்கர் 1952-ல ஸ்கொயர் வேவ் போலரோகிராஃபியை (பாதரசத் துளியை எலக்ட்ரோடா வெச்சு அளக்குற முறை) கொண்டு வந்தாரு, பல்ஸ் முறைகளும் அவர்கிட்ட இருந்துதான் வளர்ந்துச்சு.

வித்தியாசம் எங்கன்னா, டிஃபரென்ஷியல் பல்ஸ்ல ஒரு சின்ன வோல்டேஜ் துடிப்பு குடுத்து, அதுக்கு முன்னாடி ஒரு தடவை, முடியறப்ப ஒரு தடவை கரண்ட்டை அளந்து கழிப்போம். ஸ்கொயர் வேவ்ல ஒவ்வொரு படியிலயும் வோல்டேஜை முன்னாடி ஒரு தள்ளு, பின்னாடி ஒரு தள்ளு, ரெண்டோட கடைசிலயும் அளக்குறோம். எலக்ட்ரோட் மேற்பரப்பு சார்ஜ் ஆகுற கரண்ட் அதுக்குள்ள வேகமா செத்துரும், நமக்கு வேண்டிய கரண்ட் மெதுவாத்தான் குறையும், அது மிச்சம் நிக்கும். முன் தள்ளுல ஈயம் கரையுது, பின் தள்ளுல கொஞ்சம் திரும்பப் படியுது, குறி எதிர் எதிரா வர்றதால கழிச்சா கூடுது. பீக் நல்லா எழும்பி வர்றதுக்கு அதுதான் காரணம்.

ஆனா எங்களை மாத்துனது பீக் உயரம் இல்லீங்க, நைட்ரஜன். டிஃபரென்ஷியல் பல்ஸ் ஓட்டுறப்ப தண்ணில கரைஞ்சிருக்கிற ஆக்சிஜனை விரட்ட ஒரு சாம்பிளுக்கு முதல்ல 10 நிமிஷம் நைட்ரஜன் விடணும், அப்புறம் ஸ்டாண்டர்ட் அடிஷன் (தெரிஞ்ச அளவு ஈயம் சேத்து பீக் எவ்வளவு ஏறுதுன்னு பாக்குறது) மூணு தடவை, ஒவ்வொண்ணுக்கும் 3 நிமிஷம், ஆக ஒரு சாம்பிளுக்கு 19 நிமிஷம் குமிழி வர்றதைப் பாத்துட்டு உக்காந்திருக்கணும். எட்டு கிணத்துத் தண்ணி வந்தா ரெண்டரை மணி நேரம் அதுலயே போச்சு. சிலிண்டர் கோயம்புத்தூர்ல இருந்து வரணும், ஆர்டர் போட்டு, காலி சிலிண்டரை அனுப்பி, வண்டிக்குக் காத்திருந்து, ரெகுலேட்டர் வாஷர் லீக் ஆனா அதையும் பாத்து, இதெல்லாம் எந்தப் புரோட்டோகால்லயும் எழுதியிருக்காது. ஒரு தடவை ரெண்டாவது அடிஷன் முடிஞ்சு மூணாவது போடப் போறப்ப அட்டெண்டர் சேட்டன் மீட்டரைத் தட்டிப் பாத்துட்டு "கேஸ் தீர்ந்நு சாறே"ன்னாரு. காத்தோடயே ஓட்டிப் பாத்தேன். மைனஸ் 0.5 வோல்ட் பக்கத்துல கூர்மையா நிக்க வேண்டிய ஈயம் பீக், சரிஞ்ச பேஸ்லைன்ல ஒரு மேடு மாதிரி கிடந்துச்சு. அன்னைக்கு சாம்பிள் கொண்டு வந்தவங்களை வெறுங்கையோட திருப்பி அனுப்ப வேண்டியதாப் போச்சு, மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சு.

ஸ்கொயர் வேவ்ல நைட்ரஜன் விடாமயே ஆக்சிஜனை ஏன் தாங்க முடியுதுன்னா ரெண்டு காரணம். ஆக்சிஜன் கரைஞ்சிருக்கிற தண்ணில அந்த வோல்டேஜ்ல அதோட கரண்ட் ஏறக்குறைய தட்டையா நிக்கும், முன் தள்ளுலயும் பின் தள்ளுலயும் ஒரே அளவு, அதனால கழிச்சா பெரும்பாலும் போயிரும். இது டிஃபரென்ஷியல் பல்ஸ்லயும் ஓரளவு நடக்கும்தான். ரெண்டாவதுதான் பெரிசு, நேரம். படிஞ்ச ஈயத்தை ஆக்சிஜன் சும்மா விடாது, மெல்ல மெல்ல கரைச்சுட்டே இருக்கும். டிஃபரென்ஷியல் பல்ஸ்ல 1 வோல்ட் தூரத்தை செகண்டுக்கு 10 மில்லிவோல்ட்ல ஓட்டுனா 100 செகண்ட் ஆகுது, 25 ஹெர்ட்ஸ், படி 4 மில்லிவோல்ட்னு ஸ்கொயர் வேவ் ஓட்டுனா அதே தூரம் 10 செகண்ட்ல முடிஞ்சுரும், ஆக்சிஜனுக்கு அவ்வளவு அவகாசம் கிடைக்காது. ஒண்ணு கவனிங்க, படிய வைக்கிற 2 நிமிஷத்துல ஆக்சிஜன் எலக்ட்ரான் வாங்கறதால (ரிடக்ஷன்) எலக்ட்ரோட் பக்கத்துல பி.எச் ஏறப் பாக்கும், அதனால பஃபர் நல்ல திடமா, 0.1 மோலார் இருக்கணும். அதுல கஞ்சத்தனம் பண்ணாதீங்க.

குடிதண்ணிக்கான இந்திய தர நிர்ணயம் ஐ.எஸ் 10500, குடிதண்ணில ஈயத்துக்கு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், காட்மியத்துக்கு 0.003-ன்னு சொல்லுது. நாங்க நைட்ரஜன் விட்டும் விடாமலும் சேத்து ஓட்டிப் பாத்ததுல ஈயத்துக்கு ரெண்டு விடையும் ஒத்துப்போச்சு. காட்மியத்துக்கு அந்த அளவு கீழ எங்ககிட்ட சாம்பிள் கம்மி, அதனால அடிச்சுச் சொல்ல மாட்டேன்.

25 ஹெர்ட்ஸ் ஏன்னு கேட்டா, நம்ம கரண்ட் லைன் 50 ஹெர்ட்ஸ், ஒரு சுத்துக்கு 20 மில்லிசெகண்ட். 25 ஹெர்ட்ஸ்ல ஒரு தள்ளும் அதே 20 மில்லிசெகண்ட், அதனால ரெண்டு அளவுலயும் லைன் இரைச்சல் ஒரே மாதிரி வந்து கழிஞ்சுரும். 50-ல வெச்சா எதிர் எதிரா வந்து கூடிரும். எங்க ஊர் லைன்ல இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரிஞ்சுது. வேகத்தைக் கூட்டுனா பீக் வளரும்தான், ஆனா கரைசலோட ரெசிஸ்டன்ஸ் அதிகமா இருந்தா சார்ஜ் கரண்ட் சாகறதுக்குள்ள அளந்துருவோம், அப்புறம் பேஸ்லைன் வளைஞ்சுரும்.

டிஃபரென்ஷியல் பல்ஸை நான் தூக்கிப் போடலை. முதலமடை மாந்தோப்புப் பக்கத்துத் தண்ணில நைட்ரோ க்ரூப் இருக்குற பூச்சிமருந்து பாக்கணும்னு ஒரு பையன் ப்ராஜெக்ட்டோட வந்தான். நைட்ரோ க்ரூப் எலக்ட்ரான் வாங்கி மாறுனா மாறுனதுதான், திரும்பாது, பின் தள்ளுல ஒண்ணும் கிடைக்காது, அப்ப ஸ்கொயர் வேவோட கூடுதல் லாபமே பாதி போச்சு. ஆக்சிஜனும் அதே பக்கம் வந்து குறுக்க நிக்கும், சிலிண்டர் வேணும். அந்த மாதிரி ரெண்டே ரெண்டு பொருள்தான் நான் பாத்திருக்கேன், அவனுக்கு டிஃபரென்ஷியல் பல்ஸ்தான் வெச்சுக் குடுத்தேன். உங்க பொருள் எந்த ரகம்னு தெரியலைன்னா சாஃப்ட்வேர்ல முன் கரண்ட், பின் கரண்ட் ரெண்டையும் தனித்தனியா போட்டுப் பாருங்க, பின் கரண்ட்ல எதிர்ப்பக்கம் ஒரு பீக் இருந்தா தயங்காம ஸ்கொயர் வேவ் எடுங்க.