லூட் பாக்ஸ் சூதாட்டமா? பிரிட்டன், பெல்ஜியம்: இரு அணுகுமுறைகள்

வீடியோ கேமில் காசு கொடுத்து வாங்கி, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலேயே திறக்கும் ‘லூட் பாக்ஸ்’ சூதாட்டமா என்ற கேள்விக்கு, பிரிட்டனும் பெல்ஜியமும் நேரெதிரான பதில்களைத் தந்துள்ளன.

பிரிட்டனின் 2005ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம், சிறுவர் பாதுகாப்பைத் தன் மூன்று நோக்கங்களுள் ஒன்றாகவே அறிவிக்கிறது. ஆனால், பரிசு பணமாகவோ பணமதிப்புள்ளதாகவோ இருக்க வேண்டும் என்று அது எதிர்பார்ப்பதால், ஒரு சிறுவன் ஃபிஃபா போன்ற கால்பந்து கேமில் தன் கைச்செலவுக் காசைப் போட்டுப் பிரிக்கும் வீரர் அட்டைப் பொதி, அந்த அட்டையை முறைப்படி பணமாக்க முடியாது என்ற காரணத்தாலேயே சட்டத்துக்கு வெளியே நின்றுவிடுகிறது. 2022 ஜூலையில், சட்டத்தைத் திருத்துவதில்லை என்று முடிவெடுத்த அரசு, பொறுப்பை நிறுவனங்களிடமே விட்டது. இது எனக்குப் பெரும் ஏமாற்றம்.

பெல்ஜியத்தின் 1999ஆம் ஆண்டுச் சட்டமோ, பந்தயம், லாப நட்டம், அதிர்ஷ்டம் ஆகியவை சேர்ந்திருக்கின்றனவா என்று பார்க்கிறது. பரிசைப் பணமாக்க முடியுமா என்று கேட்பதில்லை. பொதி பிரியும்போது சிறுவனுக்கு உண்டாகும் படபடப்பு விற்பனை மதிப்பைச் சார்ந்ததல்ல என்பதால், இந்த அளவுகோலே சரியானது. 2018 ஏப்ரலில் அந்நாட்டுச் சூதாட்ட ஆணையம், ஃபிஃபா 18, ஓவர்வாட்ச் உள்ளிட்ட கேம்களின் லூட் பாக்ஸ்களைச் சட்டவிரோதச் சூதாட்டம் என்றது. 2019 ஜனவரியில், ஃபிஃபா கேமைத் தயாரித்த இஏ நிறுவனம், பொதிகளை வாங்க உதவும் ‘ஃபிஃபா பாயிண்ட்ஸ்’ விற்பனையை அங்கே நிறுத்தியது. எனினும் கைப்பேசி கேம்கள் பலவற்றில் இத்தடை மீறப்படுகிறது. அவற்றை ஒவ்வொன்றாகச் சோதிக்க ஆணையத்துக்குக் கூடுதல் ஆட்களும் நிதியும் தேவை.