கிராம் விலையை நம்பாதீர்கள்: பின்னல் நூல்கள் ஓர் அலசல்

கண்டின் எடையை வைத்து விலையை ஒப்பிட்டால் கணக்கு தப்பும். லேபிளில் மீட்டரைப் பாருங்கள். டிகே எனப்படும் நடுத்தர மெல்லிய தடிமனில் 100 கிராம் கம்பளி 220 மீட்டர் ஓடினால், கனமான பருத்தி சில சமயம் 170-இலேயே நின்றுவிடும். 1,300 மீட்டர் பிடிக்கிற ஸ்வெட்டருக்கு முதலாவது 6 கண்டு, இரண்டாவது 8. பருத்தியில் முழு ஸ்வெட்டர் பின்னினால் தன் கனத்திலேயே கீழே இறங்கவும் செய்யும். பாத்திரம் துடைக்கும் துணிக்கும் சூடான பாத்திரம் பிடிக்கும் துணிக்கும் அதை விட்டால் வேறில்லை.

அக்ரிலிக் மலிவு, மெஷினில் போடலாம். ஆனால் பெட்ரோலியத்தில் பிறந்த இழை. துவைக்கும்போதெல்லாம் நுண்ணிழைகளைத் தண்ணீரில் விடும். சூடான இஸ்திரி ஒருமுறை பட்டால் துவண்டுவிடும், பழைய துள்ளல் திரும்பாது. அடுப்படிப் பக்கம் வேண்டவே வேண்டாம், உருகிக் கையில் ஒட்டும்.

‘சூப்பர்வாஷ்’ கம்பளி பெரும்பாலும் குளோரினில் இழையின் செதில்களை மழுக்கி, மேலே பிசின் பூசிய கம்பளி. சுருங்காது, ஈரம் பட்டால் நீளும். மாதிரித் துண்டைத் துவைத்துக் காயவைத்த பிறகே அளவெடுங்கள். மூங்கில் நூல் என்று விற்பதில் பெரும்பகுதி ரசாயனத்தில் கரைத்து இழுத்த விஸ்கோஸ்தான். இலைப் படத்துக்காகக் கூடுதல் காசு தர வேண்டியதில்லை.

முத்திரைகளைக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். ஓகோ-டெக்ஸ் 100 என்ற முத்திரை நூலில் தீங்கான ரசாயனம் தங்கியிருக்கிறதா என்பதை மட்டுமே சோதிக்கிறது. ஆட்டைப் பற்றியோ ஆலைத் தொழிலாளியைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசாது. ஜிஓடிஎஸ் (உலக இயற்கை ஜவுளித் தரச்சான்று) இயற்கை வேளாண் இழையோடு சாயம், பதனிடுதல், தொழிலாளர் நிலை எல்லாவற்றையும் பார்க்கும். மெரினோ ஆட்டுக் கம்பளியில் ஆர்டபிள்யூஎஸ் (பொறுப்பான கம்பளித் தரச்சான்று) இருக்கிறதா பாருங்கள். ஈப்புழு அண்டாமலிருக்க ஆட்டின் பின்புறத் தோலைச் சீவி எடுக்கும் ம்யூலெசிங் அதில் கூடாது. நியூசிலாந்து 2018-இல் அதைத் தடையே செய்துவிட்டது.

விலையும் மனசாட்சியும் ஒருசேர ஒத்துவருவது பழைய ஸ்வெட்டரைப் பிரித்தெடுத்த நூலில்தான். வாங்குமுன் உள்பக்கத் தையலைத் திருப்பிப் பாருங்கள். ஓரங்கள் வெட்டுப்படாமல் சங்கிலித் தையலில் சேர்ந்திருந்தால் எடுக்கலாம். ஓவர்லாக் அடித்திருந்தால் துணி வெட்டப்பட்டது. வரிசைக்கு வரிசை துண்டு நூல்தான் மிஞ்சும், வைத்துவிடுங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பூச்சி அரித்த ஓட்டை தேடுங்கள். கண்ணிகள் ஒன்றோடொன்று ஒட்டித் தடித்திருந்தால் எவ்வளவு இழுத்தாலும் வராது.

தையலை அவிழ்த்து, பின்னி முடித்த பக்கமான கழுத்திலிருந்து உருவுங்கள். நாற்காலி முதுகில் சிட்டமாகச் சுற்றி, நான்கு இடத்தில் பருத்தி நூலால் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான நீரில் இருபது நிமிடம் ஊறவைத்துப் பிழியாமல் தொங்கவிடுங்கள். பிரித்த நூலில் பழைய பின்னலின் சுருள் இருக்கும், அது போகாமல் பின்னினால் கண்ணிகள் மேடு பள்ளமாக வரும். இழை மெல்லிசா? இரண்டு மூன்று சேர்த்துப் பின்னுங்கள்.

சூப்பர்வாஷ் அல்லாத கம்பளியில் இரண்டு நூலை இணைக்க முடிச்சு வேண்டியதில்லை. இரு நுனிகளையும் ஐந்து சென்டிமீட்டர் பிரித்து, ஈரப்படுத்தி, உள்ளங்கையில் வேகமாக உருட்டினால் ஒட்டிக்கொள்ளும். அக்ரிலிக்கில் இது நடக்காது.

லேபிள் இல்லாத நூல் என்னவென்று தெரியவில்லையா? துண்டு நூலை இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் கொளுத்துங்கள். முடி கருகும் நாற்றமும் பொடியும் சாம்பலும் என்றால் கம்பளி, காகித வாசம் என்றால் பருத்தி, கறுப்பாக உருண்டு கெட்டியானால் அக்ரிலிக். கலவை நூலில் இந்தச் சோதனை பாதிதான் சொல்லும்.