கிணறு வற்றிய பிறகு சும்மா கிடக்கும் சோலார் தகடுகள்

பென்னாகரம் பக்கம் காட்டை ஒட்டி நிலம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர், மின்கம்பம் எட்டாத தம் கிணற்றுக்கு 5 எச்.பி. சோலார் பம்ப்செட் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார். அதே வகையைச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். தகட்டு மின்சாரத்தைக் கொண்டு மோட்டாரை ஓட்டும் பெட்டியான கன்ட்ரோலர் பழுதாகி, அதுவும் இப்போதுதான் சரியாகித் திரும்பியிருக்கிறது. ஆகவே விரிவாகவே எழுதுகிறேன்.

நீர் இறைப்பதில் இதன் மீது எனக்குக் குறையே இல்லை. டீசல் இன்ஜினுக்காகக் கேனைச் சுமந்து மேட்டுப்பாதையில் நடந்த வேலை அடியோடு ஒழிந்தது. காலை எட்டு மணிக்கு மேல் மெல்லத் தொடங்கும் மோட்டார், பத்து மணி முதல் மூன்று மணி வரை முழு வீச்சில் இறைக்கிறது. இரவில் மடை திருப்ப வேண்டியதில்லை என்பது, பாம்பும் பன்றியும் நடமாடும் எங்கள் பகுதியில் சாதாரண நிம்மதி அன்று. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: சொட்டுநீர்க் குழாயை நேரடியாக இணைத்தால், மேகம் வந்து போகும் நாட்களில் அழுத்தம் ஏறி இறங்கி, கடைசி வரிசைத் தக்காளிக்கு நீர் போதாமல் போகிறது. மேட்டில் தொட்டி கட்டி, அதில் ஏற்றி விடுவதே சரி.

என் கோபம் வேறு இடத்தில் இருக்கிறது. ஏறக்குறைய 5 கிலோவாட் தகடுகள் நிலத்தில் நிற்கின்றன; ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் என்று கொண்டால், நல்ல வெயிலில் 20 யூனிட் மின்சாரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாசனம் தேவைப்படுவதில்லை. அறுவடைக்குப் பின் நிலம் காய்கிறது. வெயில் மிகுந்த பங்குனி, சித்திரையிலோ கிணறு முற்பகலிலேயே வற்றி, மோட்டார் வறண்டு ஓடாமல் காக்கும் கருவி அதை நிறுத்திவிடுகிறது. உச்சி வெயில் தகட்டில் அடிக்க, பத்தடி தள்ளியிருக்கும் சாளையில் (தோட்டத்துக் குடிசையில்) ஒரு விளக்கு எரிவதில்லை. கைத்தெளிப்பானின் பேட்டரியைச் சார்ஜ் செய்ய இன்றும் ஊருக்குள் கொண்டுபோகிறோம்.

இதற்குக் காரணம் தகடு அன்று, கன்ட்ரோலர்தான். வெயிலுக்கு ஏற்ப அலைவெண்ணைக் கூட்டிக் குறைத்து மோட்டாரை ஓட்டுவதற்காகவே அது அமைக்கப்பட்டிருக்கிறது. வீட்டுக் கருவிகளுக்கு வேண்டிய நிலையான 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் அதிலிருந்து கிடைக்காது. இடியின்போது ஏறிய மின்னழுத்தத்தால் அது பழுதானபோது, ஐந்தாண்டுப் பராமரிப்பு ஒப்பந்தப்படி நிறுவனம் பணம் வாங்காமலே சரிசெய்து தந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் ஆள் வந்து சேர்வதற்குள் நாற்று வாடியது. வந்தவரிடம் வேறு இணைப்பு கொடுக்க வழி கேட்டதற்கு, ஒரு கம்பியைத் தொட்டாலும் உத்தரவாதம் போய்விடும் என்றார்.

வழி இல்லாமல் இல்லை என்பதுதான் எரிச்சலைக் கூட்டுகிறது. உழவர்களுக்கு மானியத்தில் சோலார் பம்ப்செட் தர மத்திய அரசு 2019இல் தொடங்கிய பி.எம். குசும் திட்டத்தின் விதிகளிலேயே, தீவனம் நறுக்கும் இயந்திரம், மாவரைக்கும் இயந்திரம், குளிர்பதனப் பெட்டி, பேட்டரி சார்ஜர் ஆகியவற்றையும் இயக்கக்கூடிய யுனிவர்சல் கன்ட்ரோலருக்கு இடம் இருக்கிறது. ராகியும் நிலக்கடலையும் விளையும் ஊரில், அரைப்பதற்கும் உரிப்பதற்கும் எவ்வளவு பயன்பட்டிருக்கும்! எனக்கு விற்றவர்கள் அப்படி ஒன்று உண்டு என்று சொல்லவே இல்லை. மத்திய, மாநில அரசுகளின் மானியத்தில், அதாவது மக்கள் பணத்தில், நிறுவப்படும் தகடுகள் ஆண்டின் பெரும்பகுதி வீணாகக் காய்வதை எந்த உழவராலும் பொறுத்துக்கொள்ள முடியாது.

எனவே, நீர் விஷயத்தில் இவ்வளவு பாராட்டிய பிறகும் நண்பருக்கு என் பதில் இதுதான்: யுனிவர்சல் கன்ட்ரோலர் தருவதாக எழுத்தில் கொடுக்காதவரை கையெழுத்துப் போடாதீர்கள். அதுவரை இன்னும் ஒரு போகம் டீசல் இன்ஜினே ஓடட்டும்.