மாலத்தீவு, புக்கெட், பாலி, நீலகிரி: கொரோனாவுக்குப் பின் வாசலைத் திறந்த நான்கு வழிகள்

சுற்றுலாவை நம்பிப் பிழைக்கும் ஊர்களைக் கொரோனா மற்ற ஊர்களைவிடக் கடுமையாகச் சோதித்தது. நோயைக் கொண்டுவரக்கூடியவரும் வருமானத்தைக் கொண்டுவருபவரும் அங்கே ஒரே ஆள். வாசலை அடைத்தால் பட்டினி, திறந்தால் தொற்று. இந்த இக்கட்டிலிருந்து வெளியே வர ஒவ்வோர் ஊரும் ஒவ்வொரு வழியைப் பிடித்தது. அவற்றில் மாலத்தீவு, தாய்லாந்தின் புக்கெட், இந்தோனேசியாவின் பாலி, நம்முடைய நீலகிரி ஆகிய நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

எல்லை திறந்த தேதி, வந்த பயணிகளின் எண்ணிக்கை என்ற இரண்டு கணக்குகளோடு இத்தகைய ஒப்பீடுகள் பெரும்பாலும் முடிந்துவிடுகின்றன. எனக்கு மூன்றாவது கணக்கொன்றும் வேண்டும். அறை துடைப்பவருக்கும் படகோட்டிக்கும் தள்ளுவண்டிக்காரருக்கும் வருமானம் எப்போது திரும்பியது? அதுவரை அவர்களை யார் தாங்கினார்கள்? இதைச் சேர்த்துக்கொண்டால் வெற்றியாளர் பட்டியல் கொஞ்சம் மாறுகிறது.

முதலில் மாலத்தீவு. 2019இல் அங்கே 17 லட்சம் பயணிகள் வந்தார்கள். நாட்டின் மொத்த மக்கள்தொகையைப் போல மூன்று மடங்குக்கும் மேல். 2020 மார்ச் 7 அன்று முதல் தொற்று உறுதியானபோது, பாதிக்கப்பட்ட இருவரும் ஒரு ரிசார்ட்டின் ஊழியர்கள். அங்கே தங்கிச் சென்ற இத்தாலியப் பயணி ஒருவரிடமிருந்து அவர்களுக்குத் தொற்றியிருந்தது. அந்த மாத இறுதியில் விமான நிலையத்தில் விசா தருவது நிறுத்தப்பட்டது. அந்த ஆண்டு நாட்டின் பொருளாதாரம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சுருங்கியது. உலகில் மிகச் சில நாடுகளே இவ்வளவு பெரிய அடியை வாங்கின.

ஆனாலும் 2020 ஜூலை 15 அன்றே மாலத்தீவு வாசலைத் திறந்துவிட்டது. எந்த நாட்டவரும் வரலாம், தனிமைப்படுத்தல் கிடையாது, தொடக்கத்தில் பரிசோதனைச் சான்றுகூடக் கேட்கவில்லை. செப்டம்பர் 10 முதல்தான் பிசிஆர் சான்று கட்டாயமாயிற்று. இந்தத் துணிச்சலுக்கு அடிப்படை அந்நாட்டின் நில அமைப்பு. ஏறத்தாழ 1,200 தீவுகளில் மக்கள் வாழ்பவை 200க்கும் குறைவு. மீதியில் பல, ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட் என்று குத்தகைக்கு விடப்பட்டவை. பயணி விமானத்திலிருந்து இறங்குகிறார், விரைவுப் படகிலோ கடல் விமானத்திலோ ஏறுகிறார், ரிசார்ட் தீவில் இறங்குகிறார். உள்ளூர்ச் சந்தை, பள்ளிக்கூடம், மசூதி எதுவும் அவர் வழியில் வராது. ஊழியர்களும் அதே தீவில்தான் தங்குகிறார்கள். நோய்த்தடுப்புக்காக யாரும் தனியாகத் திட்டம் தீட்டாமலேயே, அந்தத் தொழில் ஏற்கெனவே அப்படித்தான் கட்டப்பட்டிருந்தது.

இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். மக்கள் வாழும் தீவுகளில் சிறிய விருந்தினர் இல்லங்கள் நடத்த 2009க்குப் பிறகுதான் வழி பிறந்தது. மாஃபுஷி போன்ற தீவுகளில் சாதாரணக் குடும்பங்கள் கடன் வாங்கி நான்கைந்து அறைகள் கட்டி, சுற்றுலாப் பணத்தில் முதன்முறையாக ஒரு பங்கைப் பார்க்கத் தொடங்கியிருந்தன. ரிசார்ட்டுகள் ஜூலையில் திறந்தபோது இவர்கள் காத்திருக்க வேண்டியதாயிற்று. ஆகஸ்ட் என்று சொல்லப்பட்டது தள்ளிப்போய், அக்டோபர் நடுவில்தான் அனுமதி கிடைத்தது. மருத்துவ நோக்கில் அந்தத் தாமதம் சரியானதே, ஏனென்றால் அங்கே பயணியும் ஊராரும் ஒரே தெருவில் நடக்கிறார்கள். ஆனால் அந்த மூன்று மாத இழப்பு முழுவதையும் சிறு முதலாளிகளே சுமந்தார்கள்.

தொழிலாளிகளின் நிலை இரண்டாகப் பிரிந்தது. வருமானம் இழந்த மாலத்தீவுக் குடிமக்களுக்கு அரசு மாதம் 5,000 ரூஃபியா (அந்நாட்டு நாணயம்) வரை உதவித்தொகை கொடுத்தது. சுற்றுலா நாடுகளில் இது மதிக்கத்தக்க ஏற்பாடு. வங்கதேசம், இந்தியா, இலங்கையிலிருந்து வேலைக்குப் போனவர்களுக்கோ பெரும்பாலும் ஊர் திரும்புவதே வழியாக இருந்தது. 2020 ஜூனில் இந்தியக் கடற்படையின் ஐ.என்.எஸ். ஜலஷ்வா கப்பல் தலைநகர் மாலேயிலிருந்து தூத்துக்குடிக்குச் சுமார் 700 பேரைக் கொண்டுவந்து இறக்கியது. ‘முதலில் திறந்த நாடு’ என்ற புகழில் இவர்களுடைய கணக்கையும் சேர்த்தே எழுத வேண்டும்.

2021 மே மாதத்தில் இரண்டாம் அலை வந்தபோது, மக்கள்தொகை விகிதப்படி உலகிலேயே அதிகத் தொற்று மாலத்தீவில் பதிவானது. நெருக்கடி மிகுந்த மாலேயில் அது கொழுந்துவிட்டு எரிந்தது. தெற்காசியப் பயணிகளுக்கு மே 13 முதல் ஜூலை நடுப்பகுதி வரை விசா நிறுத்தப்பட்டது. அந்தச் சறுக்கலுக்குப் பிறகும் அவ்வாண்டு 13 லட்சம் பேர் வந்தார்கள். அவர்களில் இந்தியர்களே முதலிடம், ஏறத்தாழ 2.9 லட்சம் பேர். வருமானத்தை மட்டும் அளந்தால் மாலத்தீவை மிஞ்ச மற்ற மூன்றில் எதுவும் இல்லை.

புக்கெட் எடுத்தது இதற்கு நேர் எதிரான வரிசை. தாய்லாந்து 2020 ஏப்ரலில் வான்வழியை மூடி ஓராண்டுக்கும் மேல் ஏறக்குறைய அடைத்தே வைத்திருந்தது. 2019இல் ஏறத்தாழ 4 கோடிப் பயணிகளைப் பார்த்த நாடு, 2021 முழுவதிலும் 4.3 லட்சம் பேரைத்தான் பார்த்தது. அந்த இருட்டில்தான் ‘புக்கெட் சாண்ட்பாக்ஸ்’ திட்டம் வந்தது. தீவுவாசிகளில் 70 சதவீதம் பேருக்கு முதலில் தடுப்பூசி, அதன் பிறகே வெளிநாட்டவருக்கு வாசல் என்பது அதன் விதி. நாட்டின் பிற பகுதிகளில் முழுத் தடுப்பூசி போட்டவர்கள் மிகச் சிலராக இருந்த நேரத்தில் ஒரு தீவுக்கு மட்டும் முன்னுரிமையா என்ற கேள்வி எழுந்தது. கேள்வி நியாயமானதுதான். ஆனாலும் எந்த ஊரை வெளியாருக்குத் திறக்கப் போகிறோமோ அந்த ஊர்க்காரரின் கையில் முதல் ஊசி என்பதைவிட நேர்மையான தொடக்கத்தை இந்த நான்கில் வேறெங்கும் நான் பார்க்கவில்லை.

2021 ஜூலை 1 அன்று முதல் விமானங்கள் வந்தபோது வரவேற்கப் பிரதமர் பிரயுத் சான்-ஓ-ச்சா நேரில் வந்திருந்தார். பயணிக்கு என்னென்ன தேவைப்பட்டன என்று பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. தடுப்பூசிச் சான்று, தூதரகம் வழியாக நுழைவு அனுமதி, ஒரு லட்சம் டாலருக்குக் காப்பீடு, சுகாதாரச் சான்று பெற்ற ஓட்டலில் 14 இரவுகளுக்கு முன்பணம், மூன்று பிசிஆர் பரிசோதனைகளுக்குக் கட்டணம், கைப்பேசியில் கண்காணிப்புச் செயலி. விமான நிலையத்தில் மூக்கில் குச்சியை விட்டு மாதிரி எடுத்ததும், முடிவு வரும் வரை அறைக்குள்ளேயே இருக்க வேண்டும். தொற்று இல்லையென்றால் தீவு முழுவதும் சுற்றலாம். 14 நாள் முடிந்தபின் நாட்டின் மற்ற இடங்களுக்கும் போகலாம்.

முதல் மாதத்தில் 14,000 பேர் சொச்சம் வந்தார்கள். நீண்ட நாள் தங்கும் வசதி படைத்தவர்களே இவர்களில் மிகுதி, ஆகவே சான்றிதழ் பெற்ற பெரிய ஓட்டல்களுக்கு ஓரளவு உயிர் வந்தது. பாத்தோங் கடற்கரையின் புகழ்பெற்ற பங்களா சாலையில் மதுக்கூடங்கள் மூடியே கிடந்தன. தெருவோர உணவுக்கடைக்காரருக்கும் மசாஜ் நிலையப் பெண்ணுக்கும் சாண்ட்பாக்ஸ் பணம் சொட்டுச் சொட்டாகவே போய்ச் சேர்ந்தது. ஆகஸ்டில் டெல்டா பரவியபோது நிலைமை இன்னும் விசித்திரமாயிற்று. வெளிநாட்டவர் விமானத்தில் வரலாம். பக்கத்து மாகாணத்துத் தாய்லாந்துக்காரர், தீவை நிலப்பகுதியோடு இணைக்கும் சரசின் பாலத்தைக் கடந்து தீவுக்குள் வர முடியாது. உள்நாட்டுப் பயணியை நம்பியிருந்த சிறு கடைகளுக்கு அது இரண்டாவது அடி.

அந்த வறட்சியில் உள்ளூரார் ஒருவரையொருவர் தாங்கியதையும் சொல்ல வேண்டும். 2020இல் புக்கெட்டின் ராவாய் கடற்கரையில் வாழும் கடலோடிச் சமூகத்தினர் மீனை உலர்த்தி அனுப்பினார்கள். பதிலுக்கு யசோதோன் மாகாண விவசாயிகள் அரிசி அனுப்பினார்கள். ஏற்றிச் சென்றது விமானப்படையின் விமானம். ஓட்டலுக்கு மீன் விற்றுப் பிழைத்தவர்களுக்கு வாங்க ஆளில்லை, விளைந்த நெல்லுக்கும் சந்தை இல்லை. பணமே இல்லாமல் ஒரு வணிகம் நடந்தது. கொரோனா காலத்தில் ஒரு சுற்றுலா ஊரைப் பற்றி நான் அறிந்த செய்திகளில் என்னை மிகவும் தொட்டது இதுதான்.

மாலத்தீவும் புக்கெட்டும் ஒன்றில் ஒத்துப்போகின்றன, இதை அதிகம் பேர் கவனிப்பதில்லை. இரண்டுமே ஜூலையில் திறந்தன. அங்கே அது மழைக்காலம், பயணிகள் குறைவாக வரும் பருவம். உச்ச சீசன் தொடங்க நான்கைந்து மாதங்கள் இருந்தன. விமான நிலையப் பரிசோதனை எவ்வளவு நேரம் பிடிக்கிறது, தொற்று உள்ளவரை எங்கே வைப்பது, செயலி எங்கே திணறுகிறது என்பதையெல்லாம் சிறு கூட்டத்தை வைத்துப் பழகிக்கொள்ள முடிந்தது. புக்கெட்டில் 14 இரவு என்ற விதி அக்டோபரில் 7ஆகக் குறைந்தது அந்தப் பழக்கத்தின் பலன். டிசம்பரில் ஒமைக்ரான் வந்து தாய்லாந்து மற்ற நுழைவுத் திட்டங்களை நிறுத்தியபோதும் சாண்ட்பாக்ஸ் நிற்கவில்லை.

பாலியின் கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் அங்கே நடந்தது பெரும்பாலும் காத்திருப்புதான். 2019இல் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டவர் வந்த தீவு. 2020 செப்டம்பர் 11 அன்று திறப்போம் என்றார்கள், திறக்கவில்லை. உள்நாட்டவரை மட்டும் அனுமதித்தார்கள். 2021 அக்டோபர் 14 அன்று 19 நாடுகளுக்குத் திறந்ததாக அறிவித்தார்கள். ஆனால் வந்ததும் ஐந்து நாள் ஓட்டல் அறைக்குள் அடைந்திருக்க வேண்டும், விமான நிலையத்தில் விசா இல்லை, நேரடிப் பன்னாட்டு விமானமும் இல்லை. முதல் விமானம் 2022 பிப்ரவரியில்தான் இறங்கியது. 2021 முழுவதும் நேரடியாகப் பாலிக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் ஐம்பது பேர் அளவில்தான். நான்கு வழிகளில் இதையே மோசமானது என்பேன். மூடியிருக்கிறது என்று தெரிந்தால் ஓட்டல் பணியாளர் வேறு வேலைக்குப் போவார். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தேதி சொல்லிக்கொண்டே போனால் அவர் எந்தப் பக்கமும் போக முடியாமல் சேமிப்பைத் தின்றுகொண்டிருப்பார்.

பாலியைக் காப்பாற்றியது, காப்பாற்றிய அளவுக்கு, அதன் பழைய தொழில். நுசா லெம்போங்கான், நுசா பெனிடா தீவுகளில் சுற்றுலா பெருகியதும் பலர் கைவிட்டிருந்த கடற்பாசி வளர்ப்புக்கு 2020இல் குடும்பம் குடும்பமாகத் திரும்பினார்கள். நேற்று வரை பயணிகளைக் கூட்டிச்சென்றவர்கள் ஆழமற்ற கடலில் கயிறுகளில் பாசிக் கொத்துகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வருமானம் சுற்றுலா வருமானத்துக்கு ஈடாகாது. ஆனால் அடுப்பு எரிந்தது.

நீலகிரிக்கு வருவோம். இங்கே கடல் இல்லை, அடைப்பதற்கு விமான நிலையமும் இல்லை. கல்லாறு, பர்லியார் வழியாகக் குன்னூர் சாலை, கோத்தகிரிச் சாலை, கூடலூர் பக்கம் கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் போகும் சாலைகள். தீவுகளின் உத்தி இங்கே செல்லாது. ஆகவே முன்கூட்டியே இணையத்தில் எடுக்கும் அனுமதிச் சீட்டான இ-பாஸ் வந்தது. 2020 செப்டம்பரில் உதகை தாவரவியல் பூங்கா போன்றவை திறந்தபோது பாஸ் எடுத்துத்தான் மலையேற வேண்டியிருந்தது. 2021 ஏப்ரல் 20 முதல் சுற்றுலாவுக்குத் தடை, பூங்காக்கள் மறுபடி திறந்தது ஆகஸ்ட் 23 அன்று.

இந்தத் தேதிகளைப் பார்த்தாலே நீலகிரியின் துயரம் தெரியும். ஏப்ரல், மே மாதங்கள்தான் மலையின் சீசன். மலர்க்கண்காட்சி நடப்பது மே மாதம். 2020இல் முதல் ஊரடங்கும் 2021இல் இரண்டாம் அலையும் அந்த இரண்டு மாதங்களையே விழுங்கின. மீண்டும் மலர்க்கண்காட்சி நடந்தது 2022 மே மாதத்தில். வர்க்கி, ஹோம்மேட் சாக்லேட், நீலகிரித் தைலம் விற்கும் கடைக்காரரும், படகு இல்லத்தருகே குதிரை வைத்திருப்பவரும், டாக்சி ஓட்டுநரும் சீசனில் சம்பாதித்ததை வைத்து மழைக்காலத்தைத் தள்ளுகிறவர்கள். அவர்களுக்கு இரண்டு சீசன் போனால் இரண்டு ஆண்டு போனதாகக் கணக்கு. குதிரைக்கோ எந்த ஊரடங்கிலும் கொள்ளு வாங்கியாக வேண்டும்.

தமிழக அரசு ரேஷன் அட்டைக்கு 2020இல் 1,000 ரூபாயும் 2021இல் இரு தவணையாக 4,000 ரூபாயும் கொடுத்தது. எல்லோருக்கும் பொதுவான அந்தத் தொகையில், சுற்றுலா நின்றுபோன ஊருக்கென்று தனிக் கணக்கு இல்லை. மாலத்தீவின் மாதாந்திர உதவித்தொகையோடு வைத்துப் பார்த்தால் இடைவெளி பெரிது. இன்னொரு பக்கம், தடுப்பூசியில் நீலகிரி நிர்வாகம் காட்டிய வேகத்தை மனமாரப் பாராட்ட வேண்டும். தோடர், கோத்தர், இருளர் உள்ளிட்ட பழங்குடியினரின் குடியிருப்புகளுக்கே போய், தயக்கம் தீரப் பேசி, 2021 ஜூன் முடிவதற்குள் பெரியவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு முதல் ஊசியைப் போட்டுவிட்டார்கள். புக்கெட்டுக்கு இணையான வேலை இது, விளம்பரமே இல்லாமல் நடந்தது. தேயிலையும் கைகொடுத்தது: 2020இன் பிற்பாதியில் பச்சைத் தேயிலைக்கு நல்ல விலை கிடைத்ததால் சிறு விவசாயக் குடும்பங்கள் ஓரளவு மூச்சுவிட்டன.

இவற்றில் எதைத் தேர்வேன் என்று கேட்டால், நீலகிரி, கொடைக்கானல் போன்ற ஊர்களுக்குப் புக்கெட்டின் வரிசையைத்தான் தேர்வேன்: ஊராருக்கு ஊசி, பிறகு சீசன் இல்லாத மாதத்தில் திறப்பு, அறிவித்த விதியைச் சில மாதங்களாவது மாற்றாமல் வைத்திருப்பது. மாலத்தீவின் வழி தீவு உள்ளவர்களுக்குத்தான். ஆனால் அதன் உதவித்தொகையை எந்த ஊரும் எடுத்துக்கொள்ளலாம்.

அதற்கு ஒரு கருவி ஏற்கெனவே கையில் இருக்கிறது. கொரோனாவோடு போய்விட்டது என்று நினைத்த இ-பாஸ், கூட்ட நெரிசலைக் காரணமாக வைத்துச் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2024 மே 7 அன்று உதகைக்கும் கொடைக்கானலுக்கும் திரும்பி வந்தது. 2025 கோடை சீசனில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று வரம்பும் விதிக்கப்பட்டது. எந்த மாதத்தில் எத்தனை பேர் வருகிறார்கள் என்று முன்பு ஊகித்துக்கொண்டிருந்த ஊருக்கு இப்போது நாள்வாரியாகக் கணக்கு இருக்கிறது. சீசனில் எத்தனை குதிரைக்காரர்கள், சாலையோர வியாபாரிகள், டாக்சி ஓட்டுநர்கள், அறைப் பணியாளர்கள் இந்த வருகையை நம்பியிருக்கிறார்கள் என்ற பதிவேட்டையும் அதோடு சேர்த்து மாவட்ட நிர்வாகம் இப்போதே தயாரிக்க வேண்டும். மலைப்பாதையை அடைக்கும் உத்தரவு மறுபடி எப்போதாவது வந்தால், அந்த உத்தரவிலேயே இவர்களுக்கான மாதத் தொகையும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.