ஜூஸ் விரதமும் அந்தச் சல்லடையும்

ஜூஸர் விலை இறங்கியிருக்கிறது, வாங்கி மூன்று நாள் ஜூஸ் விரதம் இருக்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். வாட்ஸ், வேகம், ஜாடி அளவெல்லாம் பெட்டியிலேயே அச்சடித்திருக்கும், அதை விட்டுவிடலாம். பெட்டியில் போடாத ஒன்றைத்தான் இங்கே சொல்ல வேண்டும். குறைந்த செலவில் இதைச் செய்ய நினைப்பவரின் காசு பெரும்பாலும் சக்கையோடு குப்பைக்குப் போகிறது. சக்கை எவ்வளவு ஈரமாக விழும் என்பது ஜூஸருக்குள் சுழலும் ஒரே ஒரு பாகத்தின் கையில் இருக்கிறது: சல்லடை.

வேகமாகச் சுழலும் சாதாரண ஜூஸரில் இந்தச் சல்லடையின் அடியில் துருவும் பற்கள் இருக்கும், சுற்றுச்சுவர் முழுக்க ஊசித் துளைகள். பற்கள் துருவித் தள்ளுவதைச் சுழற்சி சுவரில் வீசியடிக்கும். சாறு துளை வழியே வெளியேறும், சக்கை மேலே ஏறி விளிம்பைத் தாண்டிப் பின்பெட்டியில் விழும். கேரட்டின் பொடி நார் இந்தத் துளைகளில் போய்ச் செருகிக்கொள்வதுதான் தொல்லை. கழுவி வைத்த சல்லடை பளபளவென்றுதான் இருக்கும். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் பாதித் துளைகளில் வெளிச்சமே வராது. வெளியேற வழியில்லாத சாறு, சக்கையோடு சேர்ந்து விளிம்பைத் தாண்டிவிடும். டம்ளரில் ஜூஸ் குறைகிறதே, கேரட் சரியில்லை போல என்று கடைக்காரரைத் திட்டுவோம். குற்றவாளி சிங்க் பக்கத்தில் காய்ந்துகொண்டிருக்கும்.

சோதித்துப் பார்ப்பது சுலபம். பின்பெட்டிச் சக்கையில் ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிழியுங்கள். கை ஈரமானால் பரவாயில்லை. விரலிடுக்கில் சொட்டுச் சொட்டாக இறங்கினால் துளை அடைத்திருக்கிறது, அல்லது பற்கள் மழுங்கியிருக்கின்றன, அல்லது காயை அவசரமாக அழுத்துகிறீர்கள். மூன்றாவதுதான் அதிகம் நடப்பது. தள்ளுகட்டையைப் பலம்போட்டு அமுக்கினால் கேரட் துருவப்படாமல் சில்லுச் சில்லாகச் சிதறும். சில்லுக்குள் இருக்கும் சாறு வெளியே வராது. மோட்டாரின் சத்தம் இறங்காத அளவுக்கு மெதுவாகத் தள்ள வேண்டும்.

மெஷின் திடீரென்று அதிர்ந்து மேடையில் நகர ஆரம்பித்தால் மோட்டார் போய்விட்டது என்று சர்வீஸுக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். சல்லடையின் ஒரு பக்கத்தில் சக்கை அப்பிக்கொண்டு எடை சமன் கெட்டிருக்கும். நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, வழித்துப் போட்டுவிட்டு மறுபடி ஓட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

கழுவும் முறையில்தான் சல்லடையின் ஆயுள் இருக்கிறது. நார் காய்வதற்கு முன், அதாவது ஜூஸைக் குடிப்பதற்கும் முன், ஓடும் தண்ணீரில் காட்ட வேண்டும். கெட்டியான நைலான் பிரஷால் வெளிப்பக்கத்திலிருந்து உள்பக்கமாகத் தேய்க்க வேண்டும். நார் உள்ளிருந்து வெளியே செருகியிருக்கிறது, வந்த வழியே திருப்பித் தள்ளினால்தான் விடும். உள்பக்கத்திலிருந்து தேய்ப்பது இன்னும் இறுக்கிவிடும். அடிக்கடி ஓட்டுகிறவர்கள் வாரத்துக்கு ஒருமுறை வினிகரோ எலுமிச்சையோ கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் ஊறப்போட்டால் உப்புப் படிவு இளகும். ஸ்டீல் நார் வேண்டாம். ஊசியால் குத்தவே கூடாது, துளை பெரிதானால் ஜூஸில் மண்டி இறங்கும், அதைத் திரும்பச் சரிசெய்ய வழியில்லை. பற்கள் மழுங்கினாலும் அவற்றை மட்டும் தனியாக மாற்ற முடியாது, பெரும்பாலான மாடல்களில் சல்லடை முழுசாகத்தான் வரும்.

நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிட வேண்டும். துளையைப் பெரிதாக்கினால் அடைக்காது, ஆனால் ஜூஸ் கூழாகிவிடும். தயாரிப்பவர்கள் வேண்டுமென்றே செய்கிற குறை இல்லை இது. சல்லடை சுத்தமாக இருக்கும்போது இந்த மெஷின் தரும் கேரட் ஜூஸுக்கு ஈடு கிடையாது. துருவிய அடுத்த நொடியே வெளியே வந்துவிடும், அவ்வளவாகச் சூடு ஏறாது, ஒரு பாட்டில் நிரம்ப சில நிமிஷம் போதும். கீரைக்கு மட்டும் லாயக்கில்லை. இலை லேசாக இருப்பதால் பற்களில் சிக்குவதற்கு முன்பே பறந்து சக்கைப்பெட்டிக்குப் போய்விடும். இலையை உருண்டையாகச் சுருட்டி இரண்டு ஆப்பிள் துண்டுகளுக்கு நடுவில் வைத்துத் தள்ளினால் ஓரளவு சாறு கிடைக்கும். இஞ்சியை நார் ஓடும் திசைக்குக் குறுக்கே மெல்லிசாக அரிந்து போட வேண்டும், நீளவாக்கில் போட்டால் நார் பற்களைச் சுற்றிக்கொள்ளும். கடைசியாக எப்போதும் ஒரு வெள்ளரித் துண்டு. உள்ளே ஒட்டியிருப்பதை அது கழுவிக்கொண்டு வரும்.

இனி மிக்ஸி. வீட்டில் மிக்ஸியும் மெல்லிய பருத்தித் துணியும் இருந்தால் புதிதாக எதுவும் வாங்காமலே விரதம் இருக்கலாம். அரை கிலோ கேரட்டைச் சிறு துண்டுகளாக நறுக்கி, 150 மி.லி. ஆரஞ்சுச் சாறோ வெள்ளரிச் சாறோ விட்டு அரைக்க வேண்டும். இருபது இருபது நொடியாக விட்டு விட்டு ஓட்டுங்கள். தொடர்ந்து ஓட்டினால் ஜார் சூடாகி, நுரை ஏறி, ஜூஸில் வெந்த வாசனை வந்துவிடும். புதுத் துணியானால் கஞ்சி போக ஒருமுறை கொதிக்கவையுங்கள். வடிகட்டுவதற்கு முன் துணியை நனைத்துப் பிழிந்துகொள்ள வேண்டும், காய்ந்த துணி முதல் சாற்றைத் தானே குடித்துவிடும். ஒரு தடவைக்கு இரண்டு கைப்பிடி விழுது போதும். முடிச்சாகப் பிடித்து மேலிருந்து முறுக்கிக்கொண்டே வாருங்கள். வெறியோடு பிழிந்தால் இழை வழியாக மண்டி பிதுங்கும்.

அதற்கப்புறம்தான் எதிர்பாராத லாபம். பிழிந்த சக்கையை மறுபடி ஜாரில் போட்டு, 100 மி.லி. குளிர்ந்த தண்ணீர் விட்டு ஒரு சுற்றுச் சுற்றி மீண்டும் பிழியுங்கள். வருவது தண்ணியாகத்தான் இருக்கும், ஆனால் நிறமும் இனிப்பும் இருக்கும். அதை அப்படியே குடிக்க வேண்டாம். அடுத்த காயை அரைக்கும்போது ஊற்ற வேண்டிய சாற்றுக்குப் பதில் இதை விடுங்கள். இப்படி ஒன்றுக்கு ஒன்று கைமாற்றிக்கொண்டே போனால் அடைத்த சல்லடையுள்ள ஜூஸரைவிட இந்தத் துணி கூடுதலாகவே தரும். துணியை உடனே அலசி, ஐந்து நிமிஷம் கொதிக்கவைத்து, நன்றாகக் காயப்போட வேண்டும். ஈரத்தோடு மடித்துவைத்தால் மறுநாள் ஜூஸ் முழுக்கப் புளிச்ச வாடை. சோப்புப் போட்டால் சோப்பு வாடை.

ஒருவருக்கு ஒரு நாளைக்கு 300 மி.லி. வீதம் ஆறு வேளை என்றால் 1.8 லிட்டர் வேண்டும். அதற்குக் கணக்கு: வெள்ளரி 1 கிலோ, கேரட் 1 கிலோ, ஆப்பிள் அரை கிலோ, ஆரஞ்சு அரை கிலோ, பீட்ரூட் கால் கிலோ, பசலைக்கீரை 100 கிராம், எலுமிச்சை 3, இஞ்சி 30 கிராம். மூன்றரைக் கிலோ வாங்கினால் ஏறக்குறைய பாதிதான் பாட்டிலில் ஏறும். வெள்ளரிதான் மலிவுக்கு மலிவு, எடையில் 95 சதவீதம் தண்ணீர், கிலோவுக்கு 600 மி.லி.க்குக் குறையாமல் தரும். கேரட் கிலோவுக்கு 400 முதல் 500 மி.லி. செலவைக் குறைக்க வேண்டுமானால் ஆப்பிளைக் குறைத்து வெள்ளரியைக் கூட்டுங்கள். ஆப்பிளின் விதைப்பகுதியைச் சீவி எறிந்துவிடுங்கள். வெள்ளரியின் காம்புப் பக்கத்தை ஒரு துண்டு கடித்துப் பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும். கடுமையாகக் கசந்தால் அந்தக் காயே வேண்டாம், அந்தக் கசப்பு வயிற்றைப் புரட்டும்.

ஆறு பாட்டிலில் கடைசிவரை அலுக்காதது வெள்ளரி, இஞ்சி, எலுமிச்சை மூன்றும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்ந்ததுதான். ஆறிலும் குறைந்த செலவு, குறைந்த சர்க்கரை. விரதமே இல்லாத நாளிலும் குடிக்கத் தோன்றும்.

சேமிப்பதில் கண்டிப்பு வேண்டும். வீட்டு ஜூஸ் பதப்படுத்தாதது, அதாவது சூடாக்கிக் கிருமியைக் கொல்லாதது. 1996இல் அமெரிக்காவில் பதப்படுத்தாத ஆப்பிள் ஜூஸ் வழியாக ஈ.கோலை என்ற கிருமி பரவி ஒரு குழந்தை இறந்தது, பல குழந்தைகளுக்குச் சிறுநீரகம் பாதித்தது. கிருமி தோலில் இருந்தால் கத்தி வழியாக உள்ளே போகும், ஆகவே தோல் சீவுகிற காயையும் ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவித்தான் நறுக்க வேண்டும். பாட்டிலில் கழுத்துவரை நிரப்புங்கள், மேலே காற்று எவ்வளவு குறைவோ அவ்வளவு மெதுவாகக் கறுக்கும். எலுமிச்சையின் புளிப்பும் ஆப்பிள் கறுப்பதைத் தாமதப்படுத்தும். 4 டிகிரிக்கு மேல் போகாத ஃப்ரிட்ஜில் வைத்து 24 மணி நேரத்துக்குள் குடித்துவிட வேண்டும். மூன்று நாளைக்கும் சேர்த்து ஒரே நாளில் பிழிந்து அடுக்குவது வேலையை மிச்சப்படுத்தும், வயிற்றைக் கெடுக்கும். ஆரஞ்சு கலந்த பாட்டிலை முதலில் காலி செய்யுங்கள். சில ரகங்களின் சாறு நேரம் ஆக ஆகக் கசக்கத் தொடங்கும்.

உடம்பில் நடப்பது பற்றி. விஷம் வெளியேறுகிறது என்ற பேச்சுக்கு ஆதாரம் கிடையாது. அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் நாள்தோறும் செய்துகொண்டிருக்கின்றன. முதல் நாள் சாயங்காலம் தலையைப் பிளந்தால் அது பெரும்பாலும் காபி, டீயை நிறுத்தியதால் வருவது, 12 முதல் 24 மணி நேரத்தில் ஆரம்பிக்கும். சில நாள் முன்னதாகவே அரை டம்ளர், கால் டம்ளர் என்று குறைத்துக்கொண்டு வந்தால் இந்த அவஸ்தை குறையும். மூன்று நாளில் குறையும் எடையில் பெரும்பகுதி தண்ணீர். உடம்பு சேமித்துவைத்த சர்க்கரையான கிளைகோஜன் ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் தண்ணீர் இருக்கும். அது கரையும்போது இதுவும் போகும், சாப்பிட ஆரம்பித்ததும் திரும்ப வந்துவிடும். பீட்ரூட் குடித்து சிறுநீர் சிவந்தால் பதறாதீர்கள், சிலருக்கு அப்படித்தான்.

மேலே சொன்ன பட்டியலில் ஒரு நாளைக்குக் கிடைப்பது 500 கலோரியைச் சுற்றி, புரதம் 10 கிராம் அளவு, சர்க்கரை 80 கிராம் அளவு. நார்ச்சத்தைச் சக்கையோடு எறிந்துவிட்டோம், அதனால்தான் இரண்டு மணி நேரத்தில் பசிக்கிறது. பிழிந்த சாற்றின் சர்க்கரையையும் உலக சுகாதார நிறுவனம் சேர்த்த சர்க்கரையோடுதான் வைத்துக் கணக்கிடுகிறது. 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கே அது 50 கிராமைத் தாண்டக் கூடாது என்கிறது. வெறும் ஆப்பிளையே பிழிந்து 1.8 லிட்டர் குடித்தால் 180 கிராம் வரும். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், வளரும் பிள்ளைகள் இதில் இறங்கவே கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவருக்குத் திடீரென்று நிறையக் கீரைச்சாறு ஆபத்து. பசலையிலும் பீட்ரூட்டிலும் சிறுநீரகத்தில் படியக்கூடிய ஆக்சலேட் என்ற உப்பு அதிகம். கீரைச்சாற்றை அளவில்லாமல் குடித்துச் சிறுநீரகம் கெட்டவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன. பட்டியலில் கீரையை 100 கிராமோடு நிறுத்தியது அதனால்தான், செலவுக்காக அல்ல.

ஆகவே மூன்று நாள் வேண்டாம், ஒரு நாள் போதும். ராத்திரி ஒரு தட்டு வேகவைத்த காயும் கொஞ்சம் பருப்போ முட்டையோ சேர்த்துக்கொள்ளுங்கள். அது விரதத்தில் சேராது என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். சக்கையில் பாதியை சூப்பில் கொதிக்கவிடலாம், மாவோடு பிசையலாம். மீதி செடிக்கு.

ஜூஸரைப் பற்றி இத்தனை நல்லது சொன்னேன், அந்தக் கேரட் ஜூஸ் நிஜமாகவே அருமை. ஆனாலும் வாங்கச் சொல்ல மனம் வரவில்லை. ஆறு வேளை ஜூஸ் என்றால் ஆறு வேளையும் சல்லடை தேய்க்க வேண்டும். காலையில் மொத்தமாகப் பிழிந்தாலும் நடுவில் இரண்டு தடவையாவது பிரித்துக் கழுவாமல் முடியாது. திருகால் நசுக்கிப் பிழியும் ஸ்லோ ஜூஸரில் சக்கை காய்ந்து விழும், கீரையும் ஒழுங்காகப் பிழியும். ஆனால் பல மடங்கு விலை, அதிலும் அடைத்துக்கொள்கிற சல்லடை உண்டு. தினமும் பிழிகிறவருக்குக் கட்டுபடியாகும், எப்போதோ ஒருநாள் விரதத்துக்கு ஆகாது. மிக்ஸியும் துணியும் போதும்.

அப்படியும் விலை இறங்கியதை விட மனமில்லை என்றால், அந்த மாடலுக்கு உதிரிச் சல்லடை தனியாகக் கிடைக்குமா, என்ன விலை என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள். கிடைக்காது என்றோ, பார்க்கலாம் சார் என்றோ பதில் வந்தால் அந்த மெஷின் வேண்டாம்.