பிஎல்சி என்று சொல்லி மாட்டிய பெட்டி: 49 நாளுக்கு ஒருமுறை கடகட

நீலகிரியில் மஞ்சூர் பக்கம் நாங்கள் மூன்று பேர் கூட்டாக ஒரு சின்ன டீ ஃபேக்டரி நடத்துகிறோம். போன வருடம் வாட்டல் ட்ரஃப்களுக்கு (பச்சை இலையைப் பரப்பிக் காற்று விட்டு வாட்டும் நீளத் தொட்டிகள்) ஆட்டோமேட்டிக் பேனல் போட்டதில் நன்றாக ஏமாந்தோம். பேனல் போடும் யோசனையில் இருப்பவர்கள் காசு கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

எங்களுக்கு வேண்டியிருந்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. மழை நாளில் இலை சொட்டச் சொட்ட வரும். ட்ரஃபில் பரப்பி, அரை மணி சூடான காற்று, அரை மணி சாதாரணக் காற்று என்று மாற்றி மாற்றி விடுவோம். அதற்காக ஒரு ஆள் ராத்திரி முழுக்க சுவிட்ச் பக்கத்தில் உட்கார வேண்டாமே என்றுதான் பேனல். கோவையிலிருந்து வந்தவர் கொட்டேஷனில் 'பிஎல்சி பேனல்' என்று எழுதி 1,40,000 ரூபாய் போட்டார். பிஎல்சி என்றால் ஃபேக்டரி மெஷின்களை ஓட்டவென்றே செய்த சின்ன கம்ப்யூட்டர். எங்கள் எலக்ட்ரீசியன் அண்ணன், "லேடர்லதானே புரோகிராம்?" என்று கேட்டார். "அதெல்லாம் பழசுண்ணே, நாங்க சி-ல எழுதுறோம், வேகமா ஓடும்" என்று பதில் வந்தது. லேடர் என்பது ரிலே வரைபடம் மாதிரி படமாகப் போடும் புரோகிராம் மொழி; சி என்பது எழுத்தில் எழுதும் கம்ப்யூட்டர் மொழி. அரை மணிக்கு ஒரு தடவை காற்றை மாற்ற என்ன வேகம் வேண்டிக்கிடக்கிறது என்று எனக்கு அப்போது கேட்கத் தோன்றவில்லை.

குந்தாவில் மின்சாரம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புகிறார்கள். எங்களுக்கோ ஒரு கற்பூர மரம் லைனில் சாய்ந்தால் போச்சு. கரண்ட் போய் வரும்போதெல்லாம் பேனலில் நாங்கள் வைத்த நேரங்கள் அழிந்துவிட்டன. அதைச் சொன்னதும் 6,500 ரூபாய்க்கு ஒரு யுபிஎஸ்ஸையும் தலையில் கட்டினார். ஏப்ரல் 12, காலை 11 மணிக்கு மாட்டினார்கள்.

ஜூன் 1 விடிகாலை மூன்றரை மணிக்கு வாட்ச்மேன் போன் செய்தார். பேனல் கடகடவென்று அடித்துக்கொள்கிறதாம். நான் போவதற்குள் சத்தம் நின்றிருந்தது. ஆனால் சூடான காற்றுக்குக் கரண்ட் விடும் பெரிய சுவிட்சான கான்டாக்டர் உள்ளே ஒட்டிப்போய், சூடான காற்று நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு ட்ரஃப் இலை முழுக்க, கையில் எடுத்தால் அப்பளம் மாதிரி நொறுங்கியது. சாயங்காலம் நாலு மணிக்கு அவர்கள் ஆள் வந்து, கான்டாக்டரை மாற்றி, பேனலை ஆஃப் செய்து ஆன் செய்துவிட்டு, "வோல்டேஜ் பிரச்சினை சார்" என்று 4,000 வாங்கிக்கொண்டு போனார்.

ஜூலை 21 காலை எட்டரைக்கு என் கண் முன்னாலேயே மறுபடியும் கடகட. இந்த முறை மெயினை இறக்கிவிட்டேன்.

கோவையில் இன்ஜினியரிங் படிக்கும் அக்கா மகன் லீவுக்கு வந்திருந்தான். ரெண்டு தேதியையும் கேட்டுவிட்டு, "மாமா, இது 49 நாள் 17 மணி நேரக் கணக்கு" என்றான். பேனலைத் திறந்தால் பிஎல்சியே இல்லை. கல்லூரிப் பிள்ளைகள் புராஜெக்ட்டுக்கு வாங்கும் நீல நிறப் போர்டு, நாலு ரிலே (போர்டு சொன்னபடி ஆன் ஆஃப் ஆகும் சின்ன சுவிட்ச்), மேலே பசை.

அவன் விளக்கியது இது. அந்தப் போர்டு ஆன் ஆன நொடியிலிருந்து மில்லி செகண்டுகளை எண்ணும். 4,294,967,295 வரை போய், திரும்பப் பூஜ்யம். புரோகிராம் எழுதியவர் 'இப்போதைய நேரத்தோடு அரை மணியைக் கூட்டு, அந்த நேரம் தாண்டினால் மாற்று' என்று எழுதியிருக்க வேண்டும். கடைசி அரை மணியில் கூட்டினால் விடை சுற்றிக்கொண்டு சின்ன எண்ணாகிவிடும். நேரம் எப்போதும் தாண்டியதாகவே தெரியும், ரிலே ஓயாமல் அடிக்கும். கழித்தல் போட வேண்டிய இடத்தில் கூட்டல், அவ்வளவுதான். தன் போர்டில் அதே தப்பை எழுதி, எண்ணிக்கையைக் கடைசி நிமிடத்திலிருந்து ஓடவிட்டுக் காட்டினான். அதே கடகட. யுபிஎஸ் வருவதற்கு முன் எங்களைக் காப்பாற்றியது கரண்ட் கட்!

சி மேல் எனக்குக் கோபமில்லை. வாஷிங் மெஷினிலிருந்து கார் வரை அதில்தான் ஓடுகிறது. ஆனால் லேடர் வந்த கதையே வேறு. 1960களின் கடைசியில் கார் ஃபேக்டரிகளில் ரிலே பேனல்களுக்குப் பதிலாக முதல் பிஎல்சிகள் வந்தபோது, எலக்ட்ரீசியன்கள் ஏற்கெனவே படித்துப் பழகிய ரிலே வரைபடத்தையே புரோகிராம் மொழியாக வைத்தார்கள். 1993இல் வந்த ஐஇசி 61131-3 என்ற சர்வதேச பிஎல்சி தரத்தில் சொன்ன ஐந்து மொழிகளில் அதுவும் ஒன்று. டைமரும் தயார் பிளாக்காகக் கிடைக்கும். இந்தக் கூட்டல் கழித்தல் நம் தலையில் விழாது. ராத்திரி மூன்று மணிக்கு மஞ்சூரில் சி படிக்கத் தெரிந்தவரை எங்கே போய்த் தேட? லேடர் என்றால் எங்கள் அண்ணனே லேப்டாப்பில் பார்த்து எந்தக் கான்டாக்ட் திறந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார்.

பேனல் போட்டவரிடம் புரோகிராம் கோடைக் கேட்டால், "அது கம்பெனி ரகசியம்" என்றார். சிப்பையும் பூட்டி வைத்திருக்கிறார். புது வெர்ஷனுக்கு 18,000 வேண்டுமாம்.

நிஜ பிஎல்சிக்காரர்களும் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிவிட்டுப் போவதுண்டு. அதனால் கொட்டேஷனிலேயே பிஎல்சியின் மாடல் நம்பர், கமெண்ட்டோடு புரோகிராம் ஃபைல், பாஸ்வேர்டு மூன்றும் ஒப்படைக்கப்படும் என்று எழுதி வாங்குங்கள். அது கைக்கு வரும்வரை கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள். நாங்கள் முழுத் தொகையும் முதல் வாரமே கொடுத்த புத்திசாலிகள்.

சின்ன பிஎல்சி ஒன்றுக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறோம். அது வரும்வரை ஞாயிறுதோறும் யுபிஎஸ்ஸோடு சேர்த்து பேனலை ஆஃப் செய்து ஆன் செய்கிறோம். காலண்டரில் அண்ணன் டிக் அடித்துவிடுவார். இதே பெட்டி கோத்தகிரிப் பக்கமும் இரண்டு ஃபேக்டரிகளில் மாட்டப்பட்டிருப்பதாகக் கேள்வி. உங்களுடையதில் யுபிஎஸ்ஸும் இருந்தால், கடைசியாக எப்போது ஆஃப் செய்தீர்கள் என்று இன்றைக்கே எண்ணிப் பாருங்கள்.