யாழ்ப்பாணத்து வளவுக்கு எந்த மலக்குழி பொருந்தும்?

புது வீட்டு வேலையில் மலக்குழிக்கு நாலடி வெட்டியதும் அலவாங்கு கல்லில் பட்டது. உடைத்துப் பார்த்தால், விரல் நுழையும் அளவில் ஒரு வெடிப்பு. மேசன் அண்ணை ஒரு வாளி தண்ணீரை அதற்குள் ஊற்றினார். கொஞ்சமும் தேங்காமல் நேரே உள்ளே போய்விட்டது. “பாத்தியளே தம்பி, உது எங்க போகுது எண்டு?” என்றார். எங்கள் கிணறு அங்கிருந்து முப்பது அடிகூட இல்லை.

யாழ்ப்பாணத்தின் வலிகாமம் பகுதியில் ஓடும் வழுக்கியாறும் மழைக்காலத்தில்தான் ஓடும். குடிப்பது, குளிப்பது, தோட்டத்துக்கு இறைப்பது எல்லாம் சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கி நிற்கும் மழைநீர். அதனால் குழியின் விலையைக் கேட்பதற்கு முன், அதிலிருந்து வடியும் நீர் எங்கே போகிறது என்று கேட்க வேண்டும்.

மலிவானது அடி திறந்த குழி. கொங்கிறீற் வளையங்களை இறக்கி, மேலே மூடிவிட்டால் வேலை முடிந்தது. “இருபது வருசமாய் ஒருக்காலும் நிரம்பேல்லை” என்று பெருமையாகச் சொல்வார்கள். எனக்குப் பயம் தருவதே அந்தப் பெருமைதான். நிரம்பாத குழியின் கழிவு கல்லுக்குள் இறங்கியிருக்கிறது. கார்த்திகை மழையில் நிலத்தடி நீர் மேலே ஏறும்போது குழியும் கிணறும் ஒரே தண்ணீரில் நிற்கும். இந்தக் குழியைக் கட்டச் சொல்லி நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

அடுத்தது இரண்டு அறைத் தொட்டி. முதல் அறை பெரிது, மொத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. கழிவு அங்கே குறைந்தது ஒரு நாளாவது அசையாமல் நிற்க வேண்டும். கனமானது அடியில் சேறாகப் படியும், எண்ணெயும் கொழுப்பும் ஆடையாக மிதக்கும். காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் சேற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செரிக்கும். ‘ரீ’ (T) வடிவக் குழாய் நடுவிலுள்ள நீரை மட்டும் வெளியே விடும். கடும் கிருமிநாசினியை அள்ளி ஊற்றினால் அந்த நுண்ணுயிர்கள் செத்துப்போகும். மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கழிவு உறிஞ்சும் பவுசர் வண்டி பிடித்துச் சேற்றை எடுக்கத்தான் வேண்டும்.

வெளியே வரும் நீர் தெளிவாகத் தெரியலாம், ஆனால் அதில் கிருமியும் உண்டு, அமோனியாவும் உண்டு. மண்ணில் காற்றுப் பட்டதும் அமோனியா நைத்திரேற்றாக மாறும். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. மிஞ்சினால், அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்துக் குடிக்கும் கைக்குழந்தைக்கு உடல் நீலம் பாயும். கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று போகாது. நீர் வற்ற வற்ற இன்னும் செறியும். ஆகவே நல்ல தொட்டி கட்டிவிட்டு, வெளிவரும் நீரை நிலத்துக்குள் விடும் ஊறு குழியை மட்டும் கல்வரை ஆழமாக வெட்டினால் பாதிக் காசு வீண். மேல்மண்ணிலேயே, தேவையானால் மண் கொட்டி உயர்த்தி, ஆழமில்லாத மணல் பாத்தியாக விடுவது நல்லது. மண் கிருமியைத் தடுக்கும், மேலே நிற்கும் செடி நைத்திரேற்றில் ஒரு பங்கை உறிஞ்சும்.

மூன்றாவது, எந்தப் பக்கமும் திறக்காத தொட்டி. கிணற்றுக்கு இதைப்போலப் பாதுகாப்பு வேறில்லை, செலவுதான் கையைக் கடிக்கும். நாலு பேர், தலைக்கு ஐந்து தரம் மலசலகூடம் போய், தரத்துக்கு 6 லீற்றர் ஊற்றினால் நாளுக்கு 120 லீற்றர். 5,000 லீற்றர் தொட்டி ஆறு கிழமையில் நிரம்பிவிடும். குளியல் நீரை இதற்குள் விடவே கூடாது. நகரத்தில் ஒன்றரைப் பரப்புச் சின்னக் காணிக்குள் வீடும் கிணறும் நெருங்கி நிற்கும் வளவுக்கு, காசு போனாலும் இதுதான் சரி.

இடம் இருப்பவர்களுக்கு என் தெரிவு இரண்டு அறைத் தொட்டியும் மணல் பாத்தியும். பூசி முடிந்ததும் தண்ணீர் நிரப்பி ஒரு நாள் விட்டு, மட்டம் இறங்குகிறதா என்று பாருங்கள். சேறு எடுக்கத் திறக்க வேண்டிய மூடியின் மேல் தரைஓடு பதிக்க விடாதீர்கள்.

நாங்கள் பாத்தியை வேலியோரம் மாற்ற நினைத்து நாடா பிடித்தோம். எங்கள் கிணற்றுக்கு 62 அடி. அப்புறம்தான் பக்கத்து வீட்டு மாமியின் கிணறு நினைவுக்கு வந்தது. அதற்கு 35 அடிதான். பாத்தி இப்போது முன்பக்கம், படலைக்குக் கிட்ட இருக்கிறது. அதன்மேல் கனகாம்பரம் நட்டிருக்கிறோம்.